தாலி கட்டும் இடத்தில் நின்றுபோகிறது

செப்டம்பர் 2, செவ்வாய்

புதுக் கம்ப்யூட்டர் இன்றும் உறைந்துபோனது. மவுஸ் அசையவில்லை, கீபோர்டில் எதைத் தட்டினாலும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரை கறுத்தது. திரும்பி வந்தபோது மூலையில் ஒரு சின்னப் பெட்டி. டிஸ்பிளே டிரைவர் நின்றுபோனது, இப்போது மீட்கப்பட்டது என்று. மீண்டது அது மட்டும்தான். காலையிலிருந்து நான் செய்த வேலை மீளவில்லை.

இதைக் கடையில் பூட்டி வாங்கவில்லை. சாமான்களைத் திருநெல்வேலியில் தனித்தனியாக வாங்கி வந்து, நானும் இவருமாகக் கூடத்தில் பாயை விரித்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பூட்டினோம். முடித்ததும் நான் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். இவர் ஜெபசிங் அல்லவா, கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினார். இரண்டு சாமியும் சேர்ந்து ஒரு கிராபிக்ஸ் கார்டைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது.

கையில் இருப்பது ரைஸ்மில் ஆவுடையப்பன் அண்ணாச்சி மகள் ஹரிணியின் கல்யாணம். இவர் படம் பிடித்தார், எடிட்டிங் நான். மாப்பிள்ளைக்கு மதுரை. வருகிற 14, ஞாயிற்றுக்கிழமை அங்கே வரவேற்பு. மண்டபத்துப் பெரிய திரையில் இந்தப் படம் ஓட வேண்டும். ஓடினால் அம்பாசமுத்திரத்தில் அண்ணாச்சி கை காட்டுகிற வீட்டுக் கல்யாணமெல்லாம் எங்களுக்கு. ஓடாவிட்டால் ஸ்டுடியோவை மூடிவிட்டு இவர் மஸ்கட் போகிறார். இவருடைய சித்தப்பா மகன் அங்கே வேலை பேசி வைத்திருக்கிறான்.

“இதுவும் போச்சுன்னா நான் கெளம்பிருதேன் வடிவு,” என்று சாப்பிடும்போது சொன்னார், ரசத்தில் உப்பு பத்தவில்லை என்று சொல்வது மாதிரி.

இவரும் போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் யாரும் இல்லை. கடையத்தில் அப்பாவும் தம்பியும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் இல்லை. ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 3, புதன்

சாமான் விற்ற கடைக்குப் போன் செய்தேன். “சார் இல்லையா மேடம்?” என்றான். பூட்டியது நான், உட்கார்ந்து வேலை பார்ப்பது நான், சாருக்குக் கேமராவைத் தவிர ஒன்றும் தெரியாது என்றேன். “சார் வந்தா பேசச் சொல்லுங்க மேடம், சொல்லிக் குடுக்கேன்,” என்றான். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, எனக்கே சொல்லிக் கொடு தம்பி என்றேன். டிரைவர் என்பது கார்டை ஓட்டுகிற மென்பொருள், அதை அடியோடு துடைத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னான்.

துடைத்தேன், போட்டேன். மதியம் வரை நல்ல பிள்ளையாக ஓடியது. அப்புறம் உறைந்தது. பழைய டிரைவர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். அதற்கும் உறைந்தது. இதற்கிடையில் தோசை மாவு பொங்கி அடுப்படித் தரையில் வழிந்து கிடக்கிறது. கிடக்கட்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று ஒன்று பிடிபட்டது. இந்தச் சனியன் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. மருதாணி ஓடுகிறது. மாலை மாற்றுவது ஓடுகிறது. பந்தியில் இலை போடுவதுகூட வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. தாலி கட்டும் இடத்தில், படத்திலிருந்து ஓர் ஆளை அழித்து எடுக்கும்போது மட்டும்தான் நிற்கிறது.

இப்படிப் படத்திலிருந்து ஆளை எடுப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். கல்யாணம் முடிந்த கையோடு போன் வரும். பந்தியில் சண்டை போட்ட மாமாவை எடுங்கள், விவாகரத்து ஆகப்போகிற மருமகனை எடுங்கள் என்று. ஆல்பம் என்றால் உட்கார்ந்த வாக்கில் முடித்துவிடலாம். வீடியோவில் ஆள் அசைகிறாரே, முன்பெல்லாம் முடியாது என்று கையை விரித்துவிடுவோம். இப்போது ஆளைச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்தால், பின்னால் இருக்கிற தூணையும் தோரணத்தையும் மென்பொருளே இட்டு நிரப்பிவிடுகிறது. அதற்குப் பலமான கிராபிக்ஸ் கார்டு வேண்டும். இந்தக் கம்ப்யூட்டரை வாங்கியதே அதற்காகத்தான்.

அண்ணாச்சி எடுக்கச் சொன்னது ஒரே ஒரு பெண்ணை. பச்சைப் பட்டு, தலையில் பூ இல்லை. மற்ற இடங்களில் அவள் வருகிற துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டேன். தாலி கட்டுவதை வெட்ட முடியுமா? மணப்பெண்ணுக்கு நேர் பின்னால் நிற்கிறாள்.

யார் அது என்று இவர் கேட்டதற்கு, “வேண்டாத ஆளு, விடும்,” என்று அண்ணாச்சி சொன்னாராம்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையிலிருந்து கரண்ட் இல்லை. நிம்மதி.

செப்டம்பர் 6, சனி

மெமரி பலகை இரண்டையும் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சூடா என்று பார்க்கப் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டேபிள் பேனை நேராக வைத்தேன். யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், தாலி, உறைவு, கறுப்பு.

இணையத்தில் இதே கோளாறோடு உலகம் முழுக்க ஆட்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். ஒருவன் எல்லாம் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் சரியாகிவிட்டது, நன்றி என்று எழுதியிருக்கிறான். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. நல்லா இருப்பானா அவன்?

புழுக்கம் தாங்காமல் இவர் வந்து, “அந்தப் பேனையாவது மனுசனுக்குத் திருப்பி வையேன்ளா,” என்றார். மனுஷனுக்குத்தான் வைத்திருக்கிறேன், நீங்கள் விமானம் ஏறாமல் இருக்கத்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். பேனைத் திருப்பி வைத்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இவர் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருந்தபோது போன் வந்தது. மணப்பெண் ஹரிணி.

“வடிவக்கா, வீடியோ எந்த மட்டுக்கு இருக்கு?”

“நடந்துக்கிட்டு இருக்கும்மா.”

“எங்க அக்கா நல்லா விழுந்திருக்காளா? பச்சப் பட்டு. தாலி கட்டும்போது எம் பின்னாலதான் நின்னா.”

நல்லா விழுந்திருக்காவ என்றேன். அவள் விடாமல் பேசினாள். அக்கா பெயர் கோமதியாம். வேறு சாதி ஆட்களில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள். சம்பந்தி வீட்டில் அண்ணாச்சிக்கு ஒரே பெண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அன்று காலையில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்றாளாம். தாலி கட்டியதும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாளாம், ஒரு வாய் சாப்பிடவில்லை. “அப்பா பாக்கவே இல்லக்கா, ஐயர் பக்கத்துலல்லா நின்னாரு,” என்று சந்தோஷமாகச் சொன்னாள். பாவம், அவர் பார்த்ததும் தெரியாது, எடுக்கச் சொன்னதும் தெரியாது.

போனை வைத்துவிட்டு அந்தத் துண்டை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஹரிணி குனிந்திருக்கிறாள். மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார். எல்லாரும் அட்சதை போடுகிறார்கள். ஹரிணியின் இடது கை பின்னால் போகிறது. கோமதி அதைப் பிடித்துக்கொள்கிறாள். கெட்டிமேளம் முடிகிற வரைக்கும் விடவில்லை.

என் தம்பி கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அந்த எடிட்டருக்கு ஒரு வேலை மிச்சம்.

செப்டம்பர் 8, திங்கள்

விண்டோசையே அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். பகல் முழுக்க அதற்கே போனது. சாயங்காலம் தாலி கட்டும் இடத்துக்கு வந்தேன். உறைந்தது.

மேஜையில் தலையை வைத்து அழுதேன். பெட்டிக்கு வைத்த குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அதன் மேல் அவ்வளவு கோபம்.

இவர் வாசலில் நின்று சித்தப்பா மகனோடு பேசுவது கேட்டது. “விசா எத்தன நாள்ல வரும்? ஆமா. இல்ல, அவ இங்கனதான் இருப்பா.”

செப்டம்பர் 9, செவ்வாய்

இவர் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வெள்ளைப் பின்னணி, விசாவுக்கு. ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறவர், தன் படத்தை வேறு ஸ்டுடியோவில் போய் எடுத்திருக்கிறார்.

பெரிய சண்டை. என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். கடைசியில் இவர் சொன்னது இது: “நான் என்ன ஆசைப்பட்டா போறேன்? ஒன்னயக் கூட்டிட்டு வந்தேன், நல்லா வச்சுக்கிட முடியல. அதான் போறேன்.” அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 10, புதன்

கார்டைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். திருப்பிக் கொடுக்க அட்டைப்பெட்டி வேண்டும். பரணில் ஏறினேன். மிக்சி பெட்டி, கேமரா பெட்டி, குக்கர் பெட்டி, எல்லாம் வெறும் பெட்டி. இந்த வீட்டில் பெட்டியை எறிகிற வழக்கம் கிடையாது. கார்டின் பெட்டியை இழுத்தபோது அதற்கடியில் பவர் சப்ளை வந்த பெட்டியும் சேர்ந்து வந்தது. உள்ளே ஏதோ உருண்டது.

கவர் பிரிக்காத ஒரு ஒயர். கார்டுக்குக் கரண்ட் கொடுக்கிற ஒயர், நாங்கள் மாட்டியிருப்பதன் ஜோடி.

கீழே இறங்கி வந்து கேட்டேன். “இது என்னதுங்க?”

“ஸ்பேரு,” என்றார் இவர். “கார்டுல ரெண்டு குழி இருந்துச்சு. ஒரு ஒயர்லயே ரெண்டு தல இருக்குல்லா. பெறகு எதுக்குப் புதுசப் பிரிக்கணும்? பின்னால உதவுமேன்னு எடுத்து வச்சேன்.”

அன்று பாயில் உட்கார்ந்து பூட்டும்போது அந்த ஒயரை எடுத்துக் கொடுத்தது இவர்தான். ஒன்றிலேயே வேலை முடிகிறதே என்று நானும் சந்தோஷப்பட்டு மாட்டினேன். டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறையைக் கழற்றாமல் வைத்திருக்கிற வீடு இது. வேறு எப்படி நடக்கும்?

கவரைப் பிரித்தேன். ஒரு குழிக்கு ஒரு ஒயர் என்று தனித்தனியாக மாட்டினேன். தாலி கட்டும் இடத்துக்குப் போய் ஓட்டினேன். ஓடியது. திரும்ப ஓட்டினேன். ஓடியது. ஆளை எடுக்கிற வேலைக்குக் கார்டு கரண்டை வாரி இழுக்கும்போது ஒற்றை ஒயருக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். இத்தனை நாள் டிரைவரைத் திட்டியது வீண்.

இவர் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். சாயங்காலம் பஜாரில் முறுக்கும் மல்லிகைப் பூவும் வாங்கி வந்தார், விசா போட்டோவை மேஜை மேலேயே விட்டுவிட்டு.

செப்டம்பர் 11, வியாழன்

கோமதி போய்விட்டாள். மென்பொருள் அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது. அவள் நின்ற இடத்தில் தூண், தூணில் தென்னங்குருத்துத் தோரணம், தோரணம் லேசாக ஆடக்கூடச் செய்கிறது.

ஹரிணியின் கை மட்டும் பின்னால் போகிறது. விரல்கள் மூடுகின்றன. உள்ளே ஒன்றும் இல்லை. கெட்டிமேளம் முடிகிற வரை அப்படியே ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அருமையா வந்திருக்கே,” என்றார். கை என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “யாரு கவனிக்கப் போறாவ? எல்லாரும் தாலியல்லா பாப்பாவ,” என்றார். நாளைக்கு அண்ணாச்சி பார்க்க வருகிறார்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் இவர் அண்ணாச்சியைக் கூட்டிவரப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். புது ஒயரைக் கழற்றினேன். பழைய மாதிரி ஒற்றை ஒயரின் இரண்டு தலையையும் மாட்டினேன். கோமதி இருக்கிற துண்டை, இன்னும் எடுக்காத மாதிரியே திரையில் கொண்டுவந்து வைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வந்தார். என் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். இவர் டீ வாங்கப் போனார்.

“தாலி கட்டுற எடம் முடிஞ்சிட்டாம்மா?”

“இப்ப எடுக்கேன் அண்ணாச்சி. நீங்க இருக்கும்போதே எடுத்துருதேன்.”

பட்டனை அமுக்கினேன். கொஞ்சம் நகர்ந்தது. பிறகு நின்றது. எனக்கு அத்துப்படியான அதே நிற்பு. மவுஸை ஆட்டிக் காட்டினேன். “தொங்கிட்டு அண்ணாச்சி. தானா சரியாகும், சித்த பொறுங்க.”

திரை முழுக்க கோமதி. தங்கையின் கையைப் பிடித்தபடி, கண்ணை நிறைத்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகம். அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். அந்தச் சின்ன அறையில் பார்க்க வேறு ஒன்றும் கிடையாது. பிறகு திரையைப் பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

“மெலிஞ்சிட்டாளே,” என்றார்.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

“கழுத்துல ஒண்ணயும் காணும். சின்னவளுக்குப் போட்டதுல பாதியாவது...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, திரைக்கு நேராகப் பிடித்தார். முதல் படம் சரியாக விழவில்லை போல. எழுந்து, கிட்டத்தில் போய், இன்னொன்று எடுத்தார். முகம் மட்டும் விழுகிற மாதிரி.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவளை எடுக்க வேண்டாம் என்று சொல்லப்போகிறார், அடுத்த வார்த்தை அதுதான் என்று காத்திருந்தேன்.

அவர் போனைப் பத்திரமாகப் பைக்குள் போட்டு, பையை ஒருதரம் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

“சரிம்மா. எடுத்துரு,” என்றார்.

அந்த நேரத்தில்தான் திரை கறுத்தது. இவர் டீயோடு வந்தார். அண்ணாச்சி டீயை முழுக்கக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 13, சனி

ஒயரைத் திரும்ப ஒழுங்காக மாட்டினேன். எடுத்தேன். கையை அப்படியே விட்டுவிட்டேன். பென் டிரைவில் ஏற்றி இவரிடம் கொடுத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

மதுரையில் இருந்து இவர் காலையில்தான் வந்தார். படம் ஓகோ என்று ஓடியதாம். சம்பந்தி வீட்டார் சினிமா மாதிரி இருக்கிறது என்றார்களாம். அண்ணாச்சி எல்லார் முன்னாலும் இவர் தோளில் தட்டி, தை மாதம் மைத்துனர் வீட்டுக் கல்யாணம் உமக்குத்தான் என்றாராம்.

“பொண்ணு மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. தாலி கட்டுற எடம் வந்ததும் எந்திரிச்சு நின்னுட்டு. பெறகு உக்காந்து தன் கையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு,” என்றார்.

ஹரிணி இதுவரை நாலைந்து தடவை கூப்பிட்டுவிட்டாள். நான் எடுக்கவில்லை.

இவர் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. விசா போட்டோவை எறியப் போனார், நான் வாங்கி என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு தும்மல்கூட இல்லை. புது ஆர்டர் ஒன்று ஏற்றியிருக்கிறேன், காதுகுத்து.

கோமதிக்குத் தெரியாது, அவள் அப்பாவின் சட்டைப்பையில் அவள் இருக்கிறாள் என்று. யாரும் சொல்லப் போவதில்லை. சொன்னால் நம்பவும் மாட்டாள். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். கடையத்தில் சுவரில் இருந்த என் படங்களையெல்லாம் கழற்றிவிட்டதாகத் தம்பி ஒரு தடவை போனில் சொன்னான். கழற்றியதை என்ன செய்தார்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

நான் வீட்டை விட்டு வரும்போது அப்பா வைத்திருந்தது பொத்தான் போன். அதில் கேமரா இருந்ததா, படம் ஏதாவது வைத்துக்கொள்ள இடம் இருந்ததா என்று மத்தியானத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் போனின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகமே வரவில்லை.